அப்பா கூடுதலாகச் சேர்த்த கண்டன்சர்

மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் வீட்டில் ஓடு மாற்றும் வேலை தொடங்கியபோது, பரணில் சாக்குப்பையால் மூடிக் கிடந்த அப்பாவின் வால்வு ரேடியோவை (டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது) இறக்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். 1960-களில் வாங்கிய ஐந்து வால்வு பெட்டி அது. தேக்கு நிற மெருகு பல இடங்களில் உரிந்திருந்தது. முன்பக்கத் துணியைப் பூச்சி அரித்திருந்தது. அலைவரிசை முள்ளை இழுக்கும் டயல் நூல் அறுந்து சுருண்டு கிடந்தது. அதைப் பேச வைக்க எனக்கு ஏறத்தாழ மூன்று மாத வார இறுதிகள் தேவைப்பட்டன. செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்க வேண்டும் என்றுதான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். ஆனால் வேலை பாதி கடந்த பிறகு ஒன்று தெளிவாயிற்று: ஒரு பெட்டியின் ஒலியில் பழுது எது, குணம் எது என்பதை மீட்டர் பாதிதான் சொல்லும், மீதியை அந்தப் பெட்டியைக் கேட்டு வளர்ந்த காதுதான் சொல்ல வேண்டும்.

பின்பக்க அட்டையைக் கழற்றியதும் பல்லி முட்டை ஓடுகளும் குளவிக் கூடும் உதிர்ந்தன. அட்டையின் உள்பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது: எந்த ஆண்டு எந்த வால்வை மாற்றினார், என்ன விலை கொடுத்தார் என்பது வரை. அப்பா ஊரில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் குழாய் கட்டியவர். தொழிலுக்கான ஆம்ப்ளிஃபயர்களைத் தன் கையால் பழுதுபார்த்தது போலவே இந்த ரேடியோவையும் பார்த்துக்கொண்டார் என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது.

பழைய வால்வு ரேடியோவை எடுத்தவுடன் பிளக்கில் சொருகிவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால், மாற்றுக் கிடைக்காத மெயின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஆகவே 60 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரீஸ் போர்டின் வழியாக, எல்லா வால்வுகளையும் பிடுங்கி வைத்துவிட்டு, மின்சாரம் கொடுத்தேன். பெட்டியில் ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். பல்பின் இழை மங்கலாகச் சிவந்ததோடு நின்றது, டிரான்ஸ்ஃபார்மர் நலம். அதன் பின்புறத்தில் மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் கட்டை 220-இல் இருந்தது. எங்கள் குடியிருப்பில் சில நேரம் 240 வோல்ட் வரை வருவதால் அதை 240-க்கு மாற்றினேன். பழைய இரட்டை இழை ஒயரை எடுத்துவிட்டு, எர்த்துடன் கூடிய மூன்று இழை ஒயர் போட்டேன். இந்தப் பெட்டியில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸ் மின் இணைப்பிலிருந்து தனித்து நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி வகைப் பெட்டிகளில் சேசிஸே மின்சாரம் பாயும் நிலையில் இருக்கக்கூடும் என்பதால், இதே வேலையை அவற்றில் செய்ய நினைப்பவர் முதலில் அதைச் சோதித்துவிட வேண்டும். உள்ளே 250 வோல்டுக்கு மேல் டிசி இருக்கும். ஒவ்வொரு முறை கை வைப்பதற்கு முன்பும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே தொட்டேன்.

ஃபில்டர் கண்டன்சர்கள் இரண்டும் உப்பியிருந்தன. சென்னையில் மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டன்சர்கள் வாங்கினேன். கடைக்காரர் 100 மைக்ரோஃபாரட் போட்டால் இரைச்சல் இன்னும் குறையும் என்றார். ஆனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக வேலை செய்யும் ஈஇசட்80 வால்வுக்கு அடுத்து நேரடியாக வைக்கக்கூடிய உச்ச அளவு 50 மைக்ரோஃபாரட்தான். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் வால்வின் கேத்தோடில் (எலக்ட்ரான்களை உமிழும் முனை) அளவுக்கு மீறிய மின்னோட்டம் இழுக்கப்பட்டு அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்தது, இவ்வகைப் பெட்டிகளைக் கொல்லும் வழக்கமான குற்றவாளி: முதல்நிலை ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (ஒலி நுழையும் முனை) செல்லும் 0.01 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டன்சர். ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய பாகம், மெழுகில் தோய்த்த காகித வகை அது. வால்வுகளைச் செருகி, சீரீஸ் பல்புடன் சூடாக்கி, பின் நேரடியாக மின்சாரம் கொடுத்து அளந்தபோது, சுழி வோல்ட் இருக்க வேண்டிய கிரிட்டில் 4 வோல்ட் நேர்மின்னழுத்தம் காட்டியது. கேத்தோடில் 7 வோல்டுக்குப் பதிலாக 11 வோல்ட். கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம் என்பதால், 47 மில்லி ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 73 மில்லி ஆம்பியர் ஓடியது என்று பொருள். உடனே அணைத்து, 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் ஒன்றை ஈயம் வைத்தேன். கிரிட் சுழிக்கு வந்தது, கேத்தோடு 7.2 வோல்டில் நின்றது. டயல் நூலைக் கப்பிகளில் சுற்றுவதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனித்தான் சொல்ல வந்த விஷயம். சேசிஸைத் தலைகீழாகப் போட்டு, பெட்டியின் மின்சுற்றுப்படத்தோடு ஒவ்வொரு பாகத்தையும் ஒப்பிட்டு வந்தபோது, படத்தில் இல்லாத ஒரு கண்டன்சர் கண்ணில் பட்டது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றுக்குக் குறுக்கே தொழிற்சாலை வைத்த 0.005 மைக்ரோஃபாரட் கண்டன்சரின் தலையில், 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று கூடுதலாக ஏறி உட்கார்ந்திருந்தது. ஈயம் வைத்த விதம் அப்பாவுடையது; கால்களை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மேலே ஈயத்தைக் குண்டாக விடுவது அவர் பழக்கம். அந்த இடத்தில் வைக்கும் கண்டன்சர் உயர்சுருதிகளை மட்டும் ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் திருப்பிவிடும். வால்வுக்கு 5 கிலோ ஓம் சுமை என்று வைத்துக் கணக்கிட்டால், தொழிற்சாலை கண்டன்சர் மட்டும் இருக்கும்போது ஏறக்குறைய 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குறையத் தொடங்கும் ஒலி, அப்பாவின் கண்டன்சரும் சேர்ந்தால் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. அது பெரிய வித்தியாசம். ‘ச’, ‘ட’ போன்ற ஒலிகளின் கூர்மையும் வயலினில் வில் உரசும் சத்தமும் சுருதிப்பெட்டியின் நாக்கு அதிர்வும் இருக்கும் பகுதி அது.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பதை ஊகிப்பது கடினமன்று. எங்கள் வீட்டில் பகலில் 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி நிலையம், பொழுது சாய்ந்ததும் இலங்கை வானொலி. பகலில் ரேடியோ அலைகளை உறிஞ்சும், வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்குகளில் தாழ்ந்தது இரவில் மறைந்துவிடுவதால் தொலைதூர நிலையங்களெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். கடல் தாண்டி வரும் பாட்டோடு, பக்கத்து அலைவரிசையின் சீறலும், ஐப்பசி மாதமானால் எங்கோ வெட்டும் மின்னலின் கரகரப்பும் சேர்ந்து வரும். அவற்றில் பெரும்பகுதி உயர்சுருதியில் இருப்பவை. பாட்டில் கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை, இரைச்சல் அடங்கட்டும் என்று அந்தக் கண்டன்சரைச் சேர்த்திருக்கிறார்.

பழுதுபார்க்கும் பெட்டியை அதன் மூலச் சுற்றுப்படத்துக்குத் திருப்புவதே முறை என்று நான் படித்திருந்தேன். ஆகவே அதை வெட்டி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மாடியில் 10 மீட்டர் ஏரியல் ஒயர் கட்டி, 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையத்தைப் பிடித்தேன். எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சலை அடக்க, வீட்டில் பாதி சுவிட்சுகளை அணைக்க வேண்டியிருந்தது என்றாலும், ஒலி தெளிவாகவும் முன்னால் வந்து நிற்பது போலவும் இருந்தது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. என் மகனும் தலையாட்டினான். அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா மட்டும், “நம்ம ரேடியோ இப்படிக் கத்தாதுப்பா” என்றார்.

அம்மாவுக்கு வயது 78. வயதானால் உயர்சுருதிகளைக் கேட்கும் திறன் குறையும். அதே சமயம் கேட்கும் உயர்சுருதிகள் உரக்க வந்தால் காதில் குத்தும். அதனால்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சற்று நேரத்தில் செய்தி தொடங்கியதும், “செய்திக்கு நல்லா இருக்கு, வார்த்தை வார்த்தையா விழுது. பாட்டுக்குத்தான் வேண்டாம்” என்றார். காது குத்துவது மட்டுமே காரணமானால் செய்தி வாசிப்பவரின் குரலும் குத்தியிருக்க வேண்டும். எனவே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ரேடியோவைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் வைத்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, அம்மாவை அடுக்களையில் உட்காரச் சொன்னேன். நல்லவேளையாக ஒரு பழைய பாட்டே வந்தது. அப்பாவின் கண்டன்சர் இல்லாமலேயே, “இப்பச் சரியா இருக்கு” என்றார்.

ஊர் வீட்டின் அமைப்பை நினைத்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கிற்று. ரேடியோ இருந்தது கூடத்தில். அம்மா இருந்தது முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் உள்ள அடுக்களையில். திருமணமாகி வந்த நாள் முதல் அவர் கேட்ட பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு மண்சுவரையும் ஒரு முற்றத்தையும் கடந்து, அம்மியின் ஓசைக்கும் தாளிப்பின் பொரிச்சலுக்கும் இடையில் வந்தவை. சுவரும் தொலைவும் உயர்சுருதியைத்தான் முதலில் தின்னும். அதற்கு மேல் அப்பாவின் கண்டன்சர் வேறு. ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது என்ற வழக்கமே அவருக்கு இருந்ததில்லை. அது வீட்டு ஆண்களுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் உரியதாக இருந்தது. செய்தியை மட்டும், அதிலும் புயல் அறிவிப்பு வந்தால், கூடத்துக்கு வந்து நின்று கேட்பார். அவருடைய காதில் பாட்டுக்கு ஒரு ஒலியும் செய்திக்கு ஒரு ஒலியும் தனித்தனியாகப் பதிந்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

என் காது உருவானது வேறோர் இடத்தில். பள்ளி விடுமுறைகளில் நான் அப்பாவுடன் குழாய் கட்டப் போவேன். தென்னை மரத்தில் ஒருவர் ஏறிக் கயிறு போட, கீழிருந்து கூம்பு ஸ்பீக்கரைத் தூக்குவோம். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. அந்தக் கூம்புகள் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாக எழுப்பாதவை. குரலின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து வயல் தாண்டி எறியும் வகையில் செய்யப்பட்டவை. நாதஸ்வரக் கச்சேரிக்கு மைக் வைத்தால், தவிலின் வலந்தலையில் விழும் கூடு அணிந்த விரல்களின் சொற்கள் அடுத்த ஊர் வரை போகும். மறுபக்கமான தொப்பியில் குச்சி விழும் கனம் மட்டும் பந்தலோடு நின்றுவிடும். அடிச்சுருதி வராவிட்டாலும் அதன் மேல்சுருதிகளைக் கொண்டே மூளை அதை ஊகித்துக்கொள்வதால், ராகம் கெடாது, உடல்தான் இருக்காது. ஆடிக் காற்றில் பாட்டு பெருகும், தேயும், ஒரு வரி முழுவதும் காணாமல் போய் அடுத்த வரியில் திரும்ப வரும். இன்றைக்கும் எனக்குப் பாட்டு என்றால் குரல் முன்னால் நிற்க வேண்டும். பின்னால் கொஞ்சம் வெட்டவெளி இருக்க வேண்டும். சென்னைக்குப் படிக்க வந்து, விடுதி அறையில் ஒரு நண்பனின் ஸ்டீரியோவில், நான் மனப்பாடமாக அறிந்த சினிமாப் பாட்டுகளைக் கேட்டபோது, அவற்றின் அடியில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு நடை நடந்துகொண்டிருந்ததை முதன்முதலாக அறிந்தேன். வியப்பாக இருந்தது. ஆனால் அந்த இரவு முழுவதும் நான் கேட்டது எனக்குத் தெரிந்த பாட்டு என்று மனம் ஒப்பவே இல்லை.

மகனின் காது இவை இரண்டிலும் சேராதது. அடுக்குமாடியில் பிறந்து, பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்று சொல்லி நாங்களே வளர்த்ததால், ஹெட்போனில் கேட்டுப் பழகியவன். அவனுக்கு இசை நடப்பது தலைக்குள். இடமும் வலமும் காதுக்குக் காது பிரிந்திருக்க வேண்டும். அடிச்சுருதி வயிறு வரை இறங்க வேண்டும். ரேடியோவின் பின்புறம் கிராமஃபோன் இணைக்க வைத்திருந்த பிக்-அப் துளையில் அவன் போனை இணைத்துத் தரும்படி கேட்டான். ஒரு சின்ன புளூடூத் ரிசீவர் வாங்கி, அதன் இடது, வலது கம்பிகளை நேரடியாக முறுக்கிவிடாமல், ஒவ்வொன்றிலும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒன்றாக்கி உள்ளே கொடுத்தேன். நேரடியாக இணைத்தால் ஒரு பக்கத்தின் அவுட்புட் இன்னொரு பக்கத்தின் மேல் சுமையாக விழும். ஒரே பெட்டியிலிருந்து, அறையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் பாட்டு வருவது அவனுக்குப் புதிது. இரண்டு நாள் கழித்து, “பாட்டு அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன்ப்பா. எழுந்து போனாலும் அது அங்கேயே இருக்கு” என்றான். குறையாகத்தான் சொன்னான் என்று நினைத்தேன். ஆனால் அதன் பிறகு மாலையில் படிக்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறான்.

பேஸ் போதவில்லை என்ற அவன் குறைக்கும் பெட்டியிலேயே ஒரு விடை இருந்தது. குறைந்த சத்தத்தில் கேட்கும்போது மனிதக் காது அடிச்சுருதியை நடுச்சுருதியைவிட மிகக் குறைவாகவே உணரும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து வரைபடமாக்கினார்கள். அதற்கு ஈடுசெய்ய, இந்த ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோலில் நான்காவதாக ஒரு கால் உண்டு. அதில் ஒரு ரெசிஸ்டரும் கண்டன்சரும் சேர்ந்து, சத்தத்தைக் குறைக்கும்போது அடிச்சுருதியை மட்டும் பிடித்து வைக்கும். அந்தக் கண்டன்சர் காய்ந்து மதிப்பிழந்திருந்தது. புதிதாகப் போட்டதும் இரவு நேரத்து மெல்லிய சத்தத்திலும் பெட்டிக்கு ஒரு கனம் வந்தது.

சுத்தமான ஒலி ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் பழக்கதோஷம் என்று என்னிடம் வாதிட்ட அலுவலக நண்பர் ஒருவர் உண்டு. அவர் கர்நாடக இசை கேட்பவர். தம்புராவின் தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையில், தந்திக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு நூலை நகர்த்தி நகர்த்தி வைத்து ஜீவாளி பிடிப்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். அந்த நூல் இல்லாவிட்டால் தந்தி ‘டங்’ என்று சுத்தமாக ஒலித்து அடங்கும். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் தந்தி கட்டையை உரசி, மேல்சுருதிகள் ரீங்காரமாக விரியும். அந்த உரசலைக் குறை என்று கேட்கும் காதும் உலகில் இருக்கும்; நம் ஊரில் அது இல்லாவிட்டால் பாடகர் வாய் திறக்க மாட்டார். அளவீடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கிரிட்டில் 4 வோல்ட் இருந்தது பழுது; அதில் யாருடைய ரசனைக்கும் இடமில்லை. ஆனால் 2 கிலோஹெர்ட்ஸா 6 கிலோஹெர்ட்ஸா என்பது அப்படிப்பட்ட கேள்வியன்று.

கடைசியில் செய்தது இதுதான். அப்பாவின் கண்டன்சரும் காகித வகைதான், கசியத் தொடங்கியிருந்தது. அதே 0.01 மைக்ரோஃபாரட் மதிப்பில், அந்த இடத்தில் எழும் திடீர் மின்னழுத்தத்தைத் தாங்கும்படி 1600 வோல்ட் பாலிபுரோப்பிலீன் கண்டன்சர் வாங்கி, 250 வோல்ட் ஏசிக்கு மதிப்பிட்ட ஒரு டாகிள் சுவிட்சின் வழியாக இணைத்தேன். அந்த முனைகளில் உயர்மின்னழுத்தம் இருப்பதால், நன்றாகக் காப்பிட்ட பிளாஸ்டிக் பிடி உள்ள சுவிட்சாகவே தேர்ந்தெடுத்து, முனைகளுக்கு ஸ்லீவ் போட்டு, பின் அட்டையில் ஏற்கெனவே இருந்த, பயன்படாத எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் துளையில் பொருத்தினேன். புதிதாக ஓட்டை எதுவும் போடவில்லை. மேலே தள்ளினால் தொழிற்சாலையின் ஒலி. கீழே தள்ளினால் அப்பாவின் ஒலி. பின் அட்டையில் அவர் எழுதிய கடைசி வரிக்குக் கீழே, நானும் பென்சிலால் தேதியும் மதிப்பும் எழுதி வைத்தேன்.

இப்போது முழங்கால் வலியால் அம்மா அதிக நேரம் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், ரேடியோவும் கூடத்தில்தான். செய்தி முடிந்து பாட்டு தொடங்கினால் யாராவது எழுந்துபோய் சுவிட்சைக் கீழே தள்ள வேண்டும். நான் இருந்தால் பாட்டின் போது அதைத் தொடாமல் விட்டுவிடுவதும், அவர் என்னைப் பார்ப்பதும், நான் எழுந்து போவதும் தினமும் நடக்கிறது.

பரணில் ஒரே ஒரு கூம்பும் மிஞ்சியிருந்தது. அதன் டிரைவர் யூனிட்டில் காயில் அறுந்திருக்கிறது. மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. அளவுக்குப் பொருந்தும் டயஃபிரம் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருக்கிறேன். அதை இங்கே கூடத்தில் வைத்து ஒலிக்கச் செய்யப் போவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தென்னையில் கட்டி, மகனை வாய்க்கால் தாண்டி வரப்பில் நிற்க வைத்துவிட்டு, நான் இந்தப் பக்கமிருந்து பாட்டுப் போட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.